வீட்டுக்காரருக்கு ஒரு லேப்டாப்

பழைய லேப்டாப் விற்கிற கடைக்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தன் வீட்டுக்காரருக்கு வாங்க வந்த அந்த அம்மா, எதை எடுத்து வைத்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

“இதுல விண்டோஸுக்குப் பதிலா அந்த இலவச லினக்ஸைப் போட்டா வைஃபை எடுக்குமா?”

“போட்டதுமே எடுக்கும்மா.”

“சத்தம்?”

“அதுவும் வரும். ஒரு குறையும் சொல்ல முடியாது.”

“வேற காட்டுங்க.”

மேஜை நிறையப் பரப்பியாயிற்று. ஒன்றுக்கும் அவர் முகம் மலரவில்லை. கடைசியில், உதிரி பாகத்துக்காகக் கழற்றிப் போட வைத்திருந்த ஒன்றை அலுப்போடு தூக்கி வைத்தார் கடைக்காரர்.

“இது ஒண்ணுதான் பாக்கி. லினக்ஸ் போட்டா வைஃபை லேசுல எடுக்காது. சத்தம் வராது. மூடி வெச்சா மறுபடி முழிக்காது. ஒவ்வொண்ணா சரிபண்றதுக்குள்ள உயிர் போயிடும்.”

“இதையே குடுத்துடுங்க.”

கடைக்காரர் விழித்தார்.

“அவரு ரிட்டயர் ஆயிட்டாருங்க. போன தடவை வாங்கினதுல, அவரு லினக்ஸ் போட்ட அன்னிக்கே எல்லாம் வேலை செஞ்சுடுச்சு. மறுநாள் காலையில சமையலறைக்கு வந்து நின்னுக்கிட்டு, நான் வெங்காயம் நறுக்குறதே தப்புன்னாரு.”

அந்த அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“இதோட மல்லுக்கட்ட ஒரு வருஷமாவது ஆகும்ல?”