மாமனாரும் உப்பு டப்பாவும்

“மாமா, அந்த உப்பு டப்பாவை அப்படியே கீழ வைங்க!”

எழுந்ததும் எழாததுமாகச் சமையலறைக்குள் பாய்ந்தான் மாப்பிள்ளை. மாமனார் பதறவில்லை. ஒரு கை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு, மூடியை நிதானமாகத் திருகி மூடி, அதன் பிறகே டப்பாவை வைத்தார்.

“பல்லு விளக்க,” என்றார்.

“உங்களுக்குத்தான் பல்லே இல்லையே!”

“ஏன், ஈறுக்கு மரியாதை கிடையாதா?”

மாப்பிள்ளை ஆடு வளர்த்துப் பால் விற்பவன். இந்த வருஷம் மூன்று நாள் மழை பெய்தது; நான்காம் நாள் நத்தை பெய்தது. முதுகில் ஓடில்லாத வழவழப்பு நத்தை. தீவன அறைக்குள் புகுந்து, தவிட்டு மூட்டைகள் மேலெல்லாம் பளபளவென்று கோடு இழுத்துவிட்டது. அந்தத் தவிட்டை ஒருமுறை முகர்ந்து பார்த்த ஆடுகள், சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்தவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

“மருந்து வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிடும்,” என்று பொட்டலத்தோடு வந்தார் மாமனார்.

“பாவம் மாமா, வாயில்லா ஜீவன்!”

“வாயில்லாமத்தான் தவிட்டைத் தின்னுதாக்கும்?”

வார்த்தை தடித்து, பத்து நாள் கெடுவில் வந்து நின்றது. பத்தாம் நாள் காலை ஏழு மணிக்குத் தீவன அறையில் ஒரே ஒரு நத்தை இருந்தாலும் மருந்துப் பொட்டலம் பிரிக்கப்படும். இல்லாவிட்டால் அது கடைக்கே திரும்பிவிடும். நாற்பது வருஷம் கறிக்கடை நடத்தியவர் தெருவே கேட்க இப்படிச் சொல்லிவிட்டார். இனி இறங்கிவந்தால் அவர் பிடித்த கத்திக்கே அவமானம்.

மாப்பிள்ளை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான். தீவனம் முழுவதும் தகர டிரம்முக்குள் போனது. டிரம்கள் செங்கல் மேல் ஏறின. செங்கலைச் சுற்றிச் செம்புப் பட்டை. தொட்டால் நத்தைக்குச் சுரீரென்று இருக்குமாம். கதவின் அடியில் ரப்பர் அடித்தான். சிந்திய தவிட்டை எறும்புக்குக்கூட மிச்சம் வைக்காமல் கூட்டினான். வழி தவறி வருகிற நத்தைகள் ஒதுங்கிக்கொள்ள, வெளியே சுவரோரம் ஈரச் சாக்கு விரித்தான்.

“தலகாணி வைக்க மறந்துட்டீங்களே மாப்ளே?” என்றார் மாமனார்.

மறுநாள் காலை அறைக்குள் ஒரு நத்தைகூட இல்லை. ஈரச் சாக்குக்கு அடியிலும் இல்லை. மாப்பிள்ளை குதித்த குதியில் இரண்டு ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

“ஒண்ணுகூட இல்லடி! செம்பைப் பார்த்ததுமே ஊரைக் காலி பண்ணிடுச்சுங்க!” என்று மனைவியைத் தூக்கிச் சுற்றினான்.

“இறக்கி விடுங்க, பால் பொங்குது!”

நான்காம் நாள், பக்கத்துத் தோட்டத்து டீச்சர் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். “தம்பி, என் முட்டைக்கோஸெல்லாம் சல்லடையாயிடுச்சு.”

“எல்லாம் என் செம்புக்குப் பயந்து ஓடி வந்ததுங்க, டீச்சர்!” மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. “நீங்களும் ரெண்டு அடி வாங்கிப் போடுங்க!”

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து மாமனாருக்கு இருமல் வந்தது. டீச்சர் பெருமூச்சு விட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் மனைவிதான் குண்டைத் தூக்கிப் போட்டாள். “ஏங்க, ஒரு கிலோ உப்பு ஒரே வாரத்துல காலி. விடியக்காலம் அப்பாதான் அள்ளிட்டுப் போறாரு.”

உப்பு பட்டால் நத்தை என்ன பாடு படும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அப்படியானால் அறை சுத்தமாக இருப்பது செம்பினால் இல்லையா? பந்தயம் போனாலும் போகட்டும், கையரிப்பு தீரட்டும் என்று கிழவர் தினமும் கொன்று குவிக்கிறாரா? அதனால்தான் பத்தாம் நாள் காலை சமையலறைக்குள் அப்படிப் பாய்ந்தான்.

“மறைக்காதீங்க மாமா. எத்தனை நத்தையைக் கொன்னீங்க?”

மாமனார் உப்புக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “மணி ஏழாகுது. வாங்க, அறையைப் பார்க்கலாம்.”

பார்த்தார்கள். டிரம்மைப் புரட்டி, செங்கலைத் தூக்கி, மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மனைவி கைதட்டினாள். மாப்பிள்ளைக்குக் குதிக்கவும் முடியவில்லை, குதிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

“தோத்துட்டேன்,” என்றார் மாமனார். தோற்றவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“ஜெயிச்சது நான் இல்ல மாமா, உங்க உப்பு!” மாப்பிள்ளை டார்ச்சை அணைத்தான்.

கேட் படாரென்று திறந்தது. டீச்சர் ஒரு வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து நடுவாசலில் வைத்தார். வாளி நெளிந்தது.

“கெடு முடிஞ்சதில்ல? இனிமே நான் வாயை மூடிட்டு இருக்க மாட்டேன் தம்பி! ‘மாப்ள தோத்துட்டா இதுங்களுக்கு மருந்து வைக்கணுமே, பத்து நாள் பொறுத்துக்கம்மா’ன்னு, தினமும் விடியறதுக்குள்ள அறைக்குள்ள இருக்கறது, சாக்குக்கு அடியில இருக்கறது எல்லாத்தையும் வெறுங்கையால பொறுக்கிட்டு வந்து என் தோட்டத்துல விட்டுட்டுப் போறாரு இந்த மனுஷன்! கையில ஒட்டற பிசின் சோப்புக்குப் போகாது, உப்பு போட்டுத் தேய்ங்கன்னு சொல்லிக் குடுத்த பாவியும் நான்தான்!”

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். நாற்பது வருஷம் கறி வெட்டியவர், உப்புக் கையை வேட்டியில் மூன்று முறை அழுந்தத் துடைத்துவிட்டு, வாளி விளிம்பில் தொங்கிய ஒரு குட்டி நத்தையை ஒற்றை விரலால் மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.