கையெழுத்துக்கு ஒரு சேட்

“மூச்சை உள்ளுக்கு இழுங்கோ அப்பா,” என்றாள் வேணுஜா. அவள் விரல்களில் மருதாணி நல்ல சிவப்பாகப் பிடித்திருந்தது. செல்வநாயகம் மூச்சை இழுத்தார். நாலாவது பொத்தான் தெறித்து, அந்தத் துணிக்கடையின் மூலையில் எங்கோ போய் விழுந்தது.

கடைக்காரர் நுஃமான் குனிந்து தேடினார். இது அவர் போட்டுப் பார்க்கும் ஐந்தாவது சேட். வயிற்றுக்குச் சரியானால் கை விரல் நுனி வரைக்கும் தொங்கியது. கைக்குச் சரியானால் வயிறு அடங்க மாட்டேன் என்றது. இதைத் தைத்து அனுப்புகிறவர்கள் வீட்டில் யாருக்கும் வயிறே கிடையாது போல.

“பழைய சேட்டே காணும், புதுசு வேண்டாம்,” என்று முகத்தைச் சுளித்தார் செல்வநாயகம்.

“அதோட வந்தா அம்மா கையெழுத்து வைக்க மாட்டாவாம். அவ வைக்காட்டிப் பதிவு இல்லை. பதிவு இல்லாட்டி வீடும் இல்லை.”

நுஃமானுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சண்டைக்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களில் எல்லோருக்கும் இதே பாடுதான். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தால் கலியாணப் பதிவுத் துண்டைக் கேட்கிறார்கள்.

“பதிவு எப்ப தங்கச்சி?”

“நாளைக்குக் காலமை, பெரியமடுப் பள்ளிக்கூடத்தில. பதிவாளர் அங்க வாறார்.”

“மாப்பிளை எந்த ஊர்?”

“அதே ஊர்தான்.” வேணுஜா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“ஆள் எப்பிடி?”

“நல்ல மனுசன். கொஞ்சம் முற்கோபம். சாப்பாட்டைக் கண்டா விட மாட்டார்.”

செல்வநாயகம் திரும்பி மகளை முறைத்தார்.

நுஃமான் மேல்தட்டில் கிடந்ததிலேயே பெரிய சேட்டை இழுத்தெடுத்து மாட்டிவிட்டார். பொத்தான்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. கை மட்டும் நீளம்.

“பக்கத்துத் தையல்கடையில கையைக் குறைச்சுத் தரச் சொல்லுறன். அரை மணித்தியாலம் காணும்.”

வேணுஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி அம்மா ஒன்றும் சொல்ல முடியாது.

நுஃமானுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. “தகப்பனுக்குச் சரி. மாப்பிளையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா, அவருக்கும் ஒரேயடியா அளவு பார்த்திருக்கலாமே.”

செல்வநாயகம் கண்ணாடியில் தலையை ஒருமுறை கோதிவிட்டுக்கொண்டார்.

“நான்தான் தம்பி மாப்பிளை. அந்த நாளில சண்டைக்குள்ள தாலி கட்டினதோட சரி, பதியேல்லை. பொம்பிளை இவளின்ர தாய்.”