விளாவிய செம்பு

வெள்ளம் வடிந்த மறுநாள். ஓர் அடுக்களையில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கிணற்றுநீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது ஒரு தவலை. சாக்கடை புகுந்த கிணறு அது. வீட்டிலோ நடை பழகும் குழந்தையொன்று தாகத்தால் அழுதுகொண்டிருந்தது.

அருகிலிருந்த செம்பு நகைத்தது. "தவலையாரே, இவ்வளவு கொதித்து என்ன கண்டீர்? உமது நீரை வாயில் வைத்தால் நாக்கு வெந்துபோகும்."

"மூடி வைத்தால் தானாகவே ஆறிவிடும், தம்பி. சற்றுப் பொறு."

"உமது சினம் தணியும்வரை குழந்தை அழ வேண்டுமோ? நல்ல நியாயம்" என்ற செம்பு, கிணற்றடி வாளியில் மூழ்கியெழுந்து வந்து, தவலையின் வெந்நீரில் அந்தப் பச்சைத் தண்ணீரைத் தாராளமாக விளாவியது.

"பாவி, நான் பாடுபட்டுக் கொன்ற கிருமிகளின் உறவினரையெல்லாம் அழைத்து வந்துவிட்டாயே" என்றது தவலை.

"ஒரு வாய்ப் பச்சைத் தண்ணீருக்கு அஞ்சினால் ஊரில் பிழைக்க முடியுமா?"

நீர் இதமான சூட்டில் இருந்தது. குழந்தை வயிறாரக் குடித்து அழுகையை நிறுத்தியது. செம்பின் கருணையை அடுக்களையே மெச்சியது.

மூன்றாம் நாள் வாந்தியும் பேதியும் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். உடனே பாத்திரங்களின் விசாரணை கூடியது.

"கொதித்த நீர் பிஞ்சு உடம்புக்கு ஆகாதென்று அன்றே எண்ணினேன். பெரியவராயிற்றே என்று வாய் திறக்கவில்லை" என்றது, தலைமை தாங்கிய செம்பு.

தவலை பரணில் ஏற்றப்பட்டது. மருத்துவமனைக்குக் குடிநீர் கொண்டுபோகும் பொறுப்பு ஏகமனதாகச் செம்புக்கு அளிக்கப்பட்டது. அது பணிவோடு வணங்கிவிட்டு, நேரே கிணற்றடிக்குப் போயிற்று.