தொட்டியின் கனம்

மூன்றாம் நாள் காலையிலும் அந்தச் சின்ன விளக்கு எரியவில்லை.

மொயிரா, தாங்கள் தங்கியிருந்த கேரவன் வண்டியின் கழிவறைக்குள் குனிந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியிலிருக்கும் கழிவுத் தொட்டி நிரம்பியதும் அது சிவப்பாக எரிய வேண்டும். வழக்கமாக, தொட்டியைக் காலி செய்த இரண்டாம் நாள் இருட்டுவதற்குள் எரிந்துவிடும்.

லெஸ் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயிருந்தார். நேற்றே அவரிடம் கேட்டுப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். வீடு தீப்பிடித்து எரிந்தாலும் அதையேதான் சொல்வார். நாற்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா, தன் புருஷனை?

வெளியே வந்தாள்.

பக்கத்துக் கேரவன் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு நெவ் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். இந்த ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திய ஐந்து நாளாகப் பழக்கம்.

"தொட்டி விளக்கு எரியல நெவ். மூணு நாள் ஆச்சு."

"அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? எனக்கெல்லாம் அது எரியாம இருந்தா கேக் வெட்டிக் கொண்டாடுவேன்."

அவள் சிரிக்கவில்லை. நெவ் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எங்கேயாவது ஒழுகுதோ என்னமோ. இல்லேன்னா லெஸ் இங்க இருக்கிற மரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்துறாரா இருக்கும்."

"அவர் வெளியில போறதில்ல. நான் விடுறதில்ல."

"அடேங்கப்பா! அதுக்கும் வீட்டுல உத்தரவு வாங்கணுமா!"

சொல்லிவிட்டு, வயதைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். மண் காய்ந்து கிடந்தது. ஒழுகவில்லை.

அப்படியென்றால் தொட்டிக்குள் மேலெழுந்து விளக்கை எரிய வைக்கிற மிதவை சிக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொன்று. அந்த இன்னொன்றை மொயிரா மனதுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

நல்ல தண்ணீர் டேங்கின் அளவைப் பார்த்தாள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆனால் அதில் துணிக்குப் போனது எவ்வளவு, குடிக்கப் போனது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? அந்த டேங்கை மாதம் தவறாமல் மருந்து ஊற்றிக் கழுவுகிறவள் அவள். ஊரெல்லாம் வருடத்துக்கொரு முறை வடிகட்டி மாற்றினால் இவள் மூன்று மாதத்தில் மாற்றுவாள். "ராணிக்கா தண்ணி கொடுக்கப் போறீங்க?" என்று நெவ் முதல் நாளே கேலி செய்திருந்தார்.

இனி விளக்கை நம்பிப் பயனில்லை. கையுறையை மாட்டிக்கொண்டாள். வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். தொட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

லேசாக இருந்துவிடக் கூடாது.

இழுத்தாள். அசையவில்லை.

இரண்டு கையாலும், காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். ஒரு சாண் நகர்ந்து, முழுக் கனத்தோடு அவள் மேலேயே சாய்ந்தது.

"நெவ்! ஒரு கை பிடிங்க!"

இருவருமாகத் தூக்கிக் கீழே வைத்தார்கள். நெவ்வுக்கு மூச்சு வாங்கியது.

"யம்மாடி! கழுத்து வரைக்கும் ரொம்பியிருக்கு. நீங்க ரெண்டே பேர்தான? ஒரு பஸ்ஸு ஜனம் வந்து போன மாதிரி இருக்கே!"

மொயிரா அப்படியே புல்லில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு கண்ணாடி மங்கிவிட்டது. கையுறையோடு துடைக்க முடியாமல் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, நாத்தம் கண்ணுக்கு ஏறிடுச்சா?" நெவ்வின் குரலில் இப்போது கேலி இல்லை.

"இல்ல. சும்மா."

நெவ்வின் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் கழிவு கொட்டும் இடத்துக்குப் போனார்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். அவள் மூடியைத் திருகி, தெறிக்காமல் இருக்க, காற்றை உள்ளே விடும் பொத்தானை அழுத்திக்கொண்டு, மெல்லச் சாய்த்தாள். அது போகிற சத்தத்தைக் கடைசிச் சொட்டு வரை நின்று கேட்டாள். பிறகு இரண்டு முறை தண்ணீர் ஊற்றி அலசிக் குலுக்கினாள். ஊறிப்போன காகிதத் துண்டு ஒன்று வந்து விழுந்தது. மிதவை உள்ளே கடகடவென்று ஆடியது.

திரும்பி வந்தபோது லெஸ் வெறுங்கையோடு ஆற்றிலிருந்து வந்திருந்தார். மீன் ஒன்றும் சிக்கவில்லை. பெரிய குவளையில் டீ குடித்துவிட்டு இன்னொரு குவளை கேட்டார். ஊற்றிக் கொடுத்தாள்.

இதற்கு முன் நான்கு வருடம் லெஸ் உடம்பிலிருந்து சிறுநீர் ஒரு சொட்டு வந்ததில்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி இயந்திரம்தான் அவருக்குச் சிறுநீரகம். நாளெல்லாம் சேர்த்து நான்கு கோப்பைத் தண்ணீர், வாயில் போடும் பனிக்கட்டியும் அதில் சேர்த்தி. பிப்ரவரியில் போன் வந்தது. யாரோ ஒருவர் இறந்துபோயிருந்தார்; அவருடைய சிறுநீரகம் லெஸ்ஸுக்கு வந்தது. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதையும் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரி மூலமாக அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் மட்டும் எழுதலாம், பெயர் போடாமல்.

இது அக்டோபர். எட்டு மாதமாக அவள் எழுதிய கடிதங்கள் எல்லாம் 'நன்றி' என்று தொடங்கி, அந்தச் சொல்லோடு நின்று, குப்பைக்குப் போயின.

லெஸ் இரண்டாவது டீயைக் குடித்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். மொயிரா மடக்கு மேசையை விரித்து, தாளை வைத்து எழுதினாள்.

'அன்புள்ள குடும்பத்தாருக்கு, இன்று காலை எங்கள் வண்டியின் கழிவறைத் தொட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.'