இரண்டு மூச்சு

கஸ்பார் பிறர் வாய் வைத்த தம்ளரைத் தொடவே மாட்டான். அப்படிப்பட்டவனுக்கு, விசிறிச் சிப்பி பொறுக்கும் ஆசையில் சிலிண்டரின் காற்று அளவுமானியைப் பார்க்க மறந்து, கடலடியில் காற்று தீர்ந்தது. கூட்டாளி ரெமிஜியுஸ் தன் வாயிலிருந்த குழாயை எடுத்து நீட்டினான். அவனுடைய பழைய சிலிண்டருக்கு அந்த ஒரு குழாய்தான். இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். குழாய் வாயில் இல்லாதபோது மூச்சை அடக்காமல் குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; அடக்கினால், மேலே ஏற ஏற விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். ரெமிஜியுஸ் வாயில் அடக்கிய புகையிலையைத் துப்பாமலே கடலில் இறங்குகிறவன். ரப்பர் கொழகொழத்தது, சாறு நாக்கில் இறங்கியது. ஆனாலும் கஸ்பார் உறிஞ்சினான், கொடுத்தான், மறுபடி அதே எச்சிலுக்கு வாய் திறந்தான். மேலே ஏறும் வழியில், ரத்தத்தில் கரைந்த வாயு மெல்ல வெளியேறுவதற்காக, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அது முடிவதற்குள் அவனே குழாய்க்குக் கை நீட்டத் தொடங்கியிருந்தான்.

படகில் ரெமிஜியுஸ் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கொடுத்தான். கஸ்பார் அதன் வாயைத் துண்டால் அழுத்தித் துடைத்தான்.

“இம்புட்டு நேரம் என் எச்சியிலதானல உசுரோட கெடந்த,” என்று சிரித்தான் ரெமிஜியுஸ்.

கஸ்பார் பாட்டிலை உயரத் தூக்கி அண்ணாந்து குடித்தான். பல்லிடுக்கில் ஒரு புகையிலைத் துணுக்கு இருந்தது. நாக்கு அதையே தடவிக்கொண்டிருந்தது.