நாற்காலியில் கிடந்த துண்டு

தேசியக் கால்பந்து அணியின் பயிற்சியாளர், மைதானத்து நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர், திரும்பி வரவில்லை. மழைக்காலம் முடிந்து தகுதிச் சுற்று தொடங்கியும் துண்டு அங்கேயே கிடந்தது. அடுத்தவர் யார் என்று சங்கத்தில் தினமும் சண்டை. பழைய கோல்கீப்பர் ஒருவரை வரச் சொன்னார்கள். அவர் நாற்காலியைப் பார்த்ததும், "இதுக்கு ஆளு வருது போலருக்கே" என்று நின்றபடியே பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவரும் அப்படித்தான். இதற்கிடையில் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. கார்னர் அடிக்கும் முன் ஆட்டக்காரர்கள் ஒருமுறை துண்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"துண்டு போட்டா இடம் புடிச்சிருக்குன்னு தெரியாத ஆளா வெளிநாட்டுலேருந்து கூட்டிட்டு வாங்கய்யா. அவன் உக்காந்துருவான்" என்றார் செயலாளர் தேவசகாயம்.

கடைசி ஆட்டத்தன்று ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கினார். நேராக நாற்காலிக்குப் போய்த் துண்டைக் கையில் எடுத்தார். பந்தை உதைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் துண்டைத் தூசி போக உதறி, மடித்து, மறுபடி நாற்காலியிலேயே போட்டார். பக்கத்துப் புல்லில் உட்கார்ந்துகொண்டு தேவசகாயத்திடம் இரண்டு டீ கேட்டார். வந்ததும் ஒன்றைக் குடித்தார். மற்றதை, சூடு ஆறாமல் மூடி, நாற்காலிக்குக் கீழே வைத்தார்.