ஆறாவது மூட்டை

நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபா. உருத்திரபுரத்து வீரகத்தி விதைப்புக்கு வாங்கிய உரத்தின் கடன் அது. உரம் இறக்கிய லொறியே அறுவடை முடிய வந்து, கடனுக்கு நெல் ஏற்றிப்போவது கடையின் வழக்கம். ஆறு மூட்டை ஏற்றினால் கணக்குச் சரி.

வீட்டில் மிஞ்சியிருந்ததும் ஆறு மூட்டைதான். ஐந்தைச் சுமந்து ஏற்றிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி திரும்பி வந்தான் சாரதி தயாபரன். ஆறாவது மூட்டையை மறித்து நின்றாள் வீரகத்தியின் மனைவி விமலேஸ்வரி.

"இதை விட்டிடும் தம்பி."

"முதலாளி என்ர சம்பளத்திலயெல்லோ வெட்டுவார் அக்கா! அண்ணை எங்கை? உங்களை முன்னுக்கு விட்டிட்டு வாய்க்கால் பக்கம் ஒளிச்சிட்டாரோ?"

அவள் சிரிக்கவில்லை.

"ஒரு மூட்டை நெல்லில இவ்வளவு ஆசையோ?" என்றான் அலுப்போடு.

"நெல்லு எனக்கு வேண்டாம். வேற சாக்குத் தாறன், அதில கொட்டிக்கொண்டு போம்."

அவன் கத்தியை எடுத்து மூட்டையின் வாய்த் தையலில் வைத்தான். விமலேஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை வெட்டாதையும் தம்பி. அவர் கடைசியாத் தைச்சது. தைச்சு முடிச்சு ஊசியை என்ர கையில தந்தவர், அப்பிடியே நெஞ்சைப் பொத்திக்கொண்டு மூட்டையில சாய்ஞ்சவர். எழும்பேல்லை. நாளைக்கு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி."

தயாபரன் தையலிலிருந்து கத்தியை எடுத்தான். மூட்டையைப் புரட்டி அடிப்பக்கத்தை வெட்டினான். விமலேஸ்வரி மற்றச் சாக்கை விரித்துப் பிடித்தாள். நெல் முழுவதும் இறங்கியது.

"கடன் முடிஞ்சுது அக்கா," என்றான், நிலத்தைப் பார்த்தபடி.

அவள் வாய் தைத்தபடியே இருந்த வெறும் சாக்கை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.